திருமலையில் நிலைத்த பெருந்தேவியார்

திருமலைக்குச் சென்று திருவேங்கடமுடையானைச் சேவிக்கும் அடியார்கள், மூலவரின் பேரழகிலே நெஞ்சைப் பறிகொடுத்து மீள்வது இயல்பு. அப்பெருமானின் திருவடியருகே வெள்ளியாலான சிறிய திருமேனி ஒன்றும் எழுந்தருளியிருப்பதைச் சிலரே அறிவர். போக சீனிவாசர் என்பது அவருடைய திருநாமம். அவரை அங்கே எழுந்தருளப் பண்ணிய புண்ணியவதி, சாமவை என்னும் காடவன் பெருந்தேவியார்.

இவ்வம்மையார் பல்லவப் பேர்க்கடையாரின் திருமகளார். சத்திவிடங்கன் என்னும் தலைவரின் தேவியார். அவர் வாழ்ந்தது கலக்கம் மிகுந்த காலம். காஞ்சிப் பல்லவர்தம் பேரரசு ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சோழர் கையில் வீழ்ந்தது. பின்னர் 949-ஆம் ஆண்டில் தக்கோலப் போர்க்களத்தில் சோழ இளவரசர் இராசாதித்தர் மாண்டார். தொண்டை மண்டலத்தில் இராட்டிரகூடர் கை ஓங்கிற்று. அரசும் செல்வமும் ஒரு நாளில் கைமாறும் என்பதை அக்குலத்தார் கண்ணாரக் கண்டிருந்தனர்.

அத்தகைய நாளில், 966-ஆம் ஆண்டில், பெருந்தேவியார் மூலவரைப் போலவே வெள்ளித் திருமேனி ஒன்று சமைப்பித்துப் பிரதிஷ்டை செய்வித்தார். பொன்னும் மணியும் முத்தும் இழைத்த திருவாபரணங்களைச் சாத்தினார். ஆயினும் ஆபரணத்தால் மட்டும் ஆராதனை நடவாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின் திருச்சானூர்ப் பகுதியில் நிலங்களை விலைக்கு வாங்கிப் பெருமானுக்கு அளித்தார். அவற்றின் விளைவைக் கொண்டு நாள்தோறும் திருவமுதும், அணையாத திருவிளக்கும், அயன விஷு சங்கிராந்திகளில் திருமஞ்சனமும், புரட்டாசியில் திருவிழாவும் நடைபெறக் கட்டளையிட்டார். திருமலையில் கல்வெட்டு வாயிலாக நாம் அறியும் மிகப் பழைய திருவிழா இதுவே.

பெண்டிர்க்கு உரிய பொருளை ஸ்திரீதனம் எனத் தர்மசாஸ்திரங்கள் தனியே வகுத்துள்ளன. உயர்குல மாதர் நிலம் வாங்கவும், அதனை அறத்திற்கு ஆக்கவும், அவ்வறம் நடக்கும் முறையை வகுக்கவும் வல்லவராய் இருந்தனர் என்பதற்குத் திருமலைக் கோயிலின் முதற் பிராகாரச் சுவரிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகள் சான்று. அவற்றில் தந்தையின் பெயரும் கணவரின் பெயரும் அம்மையார் இன்னார் என்று அறிவிக்கவே வருகின்றன. கொடுத்தவராக நிற்பவர் அவரே.

இன்றும் மூலவருக்குத் திருமஞ்சனம் வெள்ளிக்கிழமைகளில் நிகழ, நாள்தோறும் திருமஞ்சனம் கண்டருள்பவர் போக சீனிவாசரே. மார்கழி நீங்கலாக, இரவில் ஏகாந்த சேவையில் கட்டிலிற் பள்ளிகொள்பவரும், விடியலில் சுப்ரபாதத்தால் துயிலெழுபவரும் அவரே.

பேர்க்கடையாரின் மாளிகை எங்கிருந்தது என்று இன்று காட்டுவார் இல்லை. அவர் மகளாரின் கைங்கரியமோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நடந்து வருகிறது. அடுத்த முறை திருமலையைச் சேவிக்கும் அன்பர்கள், திருவடியருகே அவ்வெள்ளித் திருமேனியையும் தேடித் தொழுவார்களாக. பெருந்தேவியாரையும் ஒரு கணம் நினைவார்களாக.