முகம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: யார் இந்த ஹன்னெலோரே ஷ்ரோத்?

1966-ல் வெளியான 'ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்?' படத்துக்காக எலிசபெத் டெய்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது. விடிய விடியக் குடித்துவிட்டு கணவரோடு சண்டை போடும் மார்த்தா வேடம் அது. ஆனால், ஜெர்மன் தியேட்டர்களில் ஒலித்தது டெய்லரின் குரல் இல்லை. அந்தக் கத்தல், சிரிப்பு, அழுகை எல்லாமே ஹன்னெலோரே ஷ்ரோத் என்ற நடிகையுடையது.

சினிமாக் குடும்பம்

1922-ல் பெர்லினில் பிறந்தவர். அப்பா ஹைன்ரிஷ் ஷ்ரோத், அம்மா கேத்தே ஹாக் இருவருமே பிரபல நடிகர்கள். 1931-ல் மாக்ஸ் ஓஃபுல்ஸ் தன் முதல் படத்தை எடுத்தபோது, ஒன்பது வயது ஹன்னெலோரே அதில் அம்மாவோடு சேர்ந்து நடித்தார்.

போர் விழுங்கிய இரண்டு படங்கள்

17 வயதில் ஹீரோயின் வாய்ப்பு வந்தது. ஹெல்முட் கொய்ட்னரின் முதல் படமான 'கிட்டியும் உலக மாநாடும்' 1939-ல் வெளியானது. ஹோட்டலில் நகம் அழகுபடுத்தும் பெண்ணாக நடித்தார். சில நாட்களிலேயே உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவரை நல்லவராகக் காட்டிய படம் என்பதால், நாஜி அரசு அதை முடக்கியது.

1944-ல் அதே கொய்ட்னரின் 'பாலங்களுக்கு அடியில்'. சரக்குப் படகு ஓட்டும் இரண்டு நண்பர்கள், இருவரும் விரும்பும் ஒரு பெண், அவ்வளவுதான் கதை. பெர்லின் மீது குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த வட்டாரத்திலேயே ஷூட்டிங் நடந்தது. படத்துக்குள் போரின் சுவடே கிடையாது. 1945 மார்ச்சில் தணிக்கை முடிந்தது. ஆனால் திரையிட நாடே மிஞ்சவில்லை. ஜெர்மன் ரசிகர்கள் அதைப் பார்த்தது 1950-ல்தான். 22 வயதில் நடித்ததற்கான பாராட்டு 28 வயதில் வந்தது.

டப்பிங் என்றால் சும்மாவா?

போருக்குப் பிறகும் நடிப்பை விடவில்லை. 1956-ல் கொய்ட்னரின் 'கோபெனிக் கேப்டன்' படத்தில் மேயரின் மனைவியாக வந்தார். இன்னொரு பக்கம் டப்பிங் வேலையும் செய்தார்.

வெளிநாட்டுப் படங்களைச் சொந்த மொழியில் பார்ப்பதுதான் ஜெர்மனியில் வழக்கம். டப்பிங்கில் வசனத்தைச் சின்னச் சின்ன துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் திரையில் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும். 'ப', 'ம' என்று நடிகையின் உதடு மூடும் இடத்தில், ஜெர்மன் வசனத்திலும் உதடு மூடும் எழுத்து வந்தால்தான் ஒட்டும். அதோடு, யாரோ படப்பிடிப்புத் தளத்தில் கொட்டிய கோபத்தை, மைக் முன்னால் நின்று மறுபடியும் கொண்டுவர வேண்டும்.

மார்த்தாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். டெய்லருக்கு அப்போது 34. மேக்கப் போட்டு, எடை கூட்டித்தான் அந்த வயதைக் காட்டினார். அவரைவிடப் பத்து வயது மூத்த ஹன்னெலோரேவுக்கு மேக்கப் உதவாது. குரலில் மட்டுமே காட்டியாக வேண்டும். ஆனாலும், தியேட்டரில் இருந்தவர்கள் பார்த்தது டெய்லரின் முகத்தை மட்டும்தான்.

கடைசியில்

அம்மா கேத்தே ஹாக் 1986-ல் காலமானார். அடுத்த ஆண்டே, 65 வயதில், ஹன்னெலோரேவும் மறைந்தார். திரைக்கு வர ஐந்து வருஷம் காத்துக்கிடந்த அந்தப் படகுக் கதை, இன்று ஜெர்மன் சினிமாவின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதில் முகமும் அவருடையதுதான், குரலும் அவருடையதுதான்.