ஆற்றை அளக்க முயன்றவர்

வேலூர் நகருக்குத் தெற்கே, குன்றுகளை அடுத்து, பாகாயம் என்னும் ஊர் உள்ளது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து இன்று இவ்வூரில் விளங்குகின்றது. அங்குப் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் குருதியோட்டம் ஒன்றாகும். ஓய்வாக இருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைச் செலுத்துகின்றது. உடலுக்குள் மறைந்தோடும் அக்குருதியின் விரைவை எவ்வாறு அளப்பது? பாலாற்றில் வெள்ளம் வந்தால், மிதந்து செல்லும் கட்டையைக் கொண்டு நீரின் விரைவை மதிப்பிடலாம். குருதிக் குழாய்க்குள் அவ்வாறு பார்க்க இயலுமா?

இவ்வினாவிற்கு விடை காண ஒரு வழியைத் திறந்தவர் மருத்துவர் அல்லர். புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழில் பயின்ற ஓர் ஏழை இளைஞர். அவரே மைக்கேல் பாரடே.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இலண்டன் நகரை அடுத்த நியூயிங்டன் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் கொல்லர், நோயால் நலிந்தவர். வீட்டில் வறுமை குடிகொண்டிருந்தது. ஒரு காலத்தில், வாரம் முழுமைக்கும் ஒரு ரொட்டியே சிறுவனுடைய பங்காகக் கிடைத்தது. எழுதவும் படிக்கவும் சிறிது கணக்கிடவும் கற்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. பதினான்காம் வயதில் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார்.

பிறர் படிப்பதற்காக நூல்களைக் கட்டிய அவர், கட்டிய நூல்களைத் தாமும் படித்தார். மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1812-ஆம் ஆண்டில் சர் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்துத் தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டி, அவருக்கு அனுப்பினார். அதன் பயனாக, அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் பதவி கிடைத்தது.

மின்னோட்டம் காந்த ஆற்றலை உண்டாக்கும் என்பதை 1820-ஆம் ஆண்டில் ஓர்ஸ்டெட் என்பவர் கண்டறிந்தார். அங்ஙனமாயின், காந்தம் மின்னோட்டத்தை உண்டாக்காதோ எனப் பாரடே எண்ணினார். பல ஆண்டுகள் முயன்று, 1831-இல் வெற்றி கண்டார். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தியபோதும் வெளியே இழுத்தபோதும் கம்பியில் மின்சாரம் பாய்ந்தது. காந்தம் அசையாதிருந்தபோது பாயவில்லை. அசைவே மின்சாரத்தின் தாய் என்பதை அவர் உணர்ந்தார். இன்று நம் வீடுகளில் விளக்கெரிக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி இவ்வுண்மையைக் கொண்டே உண்டாக்கப்படுகின்றது.

பாரடேயின் சிந்தனை அத்துடன் நிற்கவில்லை. நிலவுலகமே ஒரு பெருங்காந்தம். ஆற்று நீரோ மின்சாரத்தைக் கடத்த வல்லது. எனவே, ஓடும் ஆற்றின் இரு கரைகளுக்கிடையே மின்சாரம் தோன்றவேண்டும் அன்றோ? இதனைச் சோதிக்க 1832-ஆம் ஆண்டு சனவரியில் தேம்சு ஆற்றின் வாட்டர்லூ பாலத்திற்குச் சென்றார். பாலத்தின் கைப்பிடிச் சுவர்மீது 960 அடி நீளமுள்ள செம்புக் கம்பியை விரித்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் உலோகத் தகடுகளை நீரில் இறக்கினார். மூன்று நாள்கள் முயன்றார். கருவியின் முள் அசைந்தது. ஆயினும் ஒழுங்கின்றி அசைந்தது. நீரின் தூய்மையிலும் வெப்பத்திலும் இருந்த வேறுபாடுகளே பொய்யான மின்னோட்டங்களை எழுப்பின. முள்ளின் அசைவைக் காட்டி வெற்றி பெற்றதாக அவர் சொல்லியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. நிறைவான முடிவு கிட்டவில்லை என்பதை வெளிப்படையாக எழுதினார். எனினும், நீர் ஓடுமிடத்தில் மின்சாரம் தோன்றவே வேண்டும் என்னும் தம் கருத்தையும் உடன் எழுதினார்.

பாரடே புகழின் உச்சியை அடைந்த பின்னரும் எளிமையாகவே வாழ்ந்தார். சர் என்னும் பட்டத்தை ஏற்க மறுத்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாவென்றார். கிறித்துமசு விடுமுறைகளில் சிறுவர்களுக்கு அறிவியலை விளக்கிச் சொற்பொழிவாற்றுவதில் மகிழ்ச்சி கொண்டார். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் மறைந்தார்.

அவர் பாலத்தில் கண்ட தோல்வி, நூறாண்டுகளுக்குப் பின்னர் வேறோர் ஆற்றில் வெற்றியாயிற்று. குருதியும் உப்புக் கலந்த நீர்மமே, மின்சாரத்தைக் கடத்துவது. 1936-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கோலின் என்னும் அறிஞர், குருதிக் குழாயைக் காந்தத்தின் இடையே வைத்து, இரு பக்கங்களிலும் தோன்றும் மின்னழுத்தத்தைக் கொண்டு குருதியோட்டத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். குருதி விரைந்தோடினால் மின்னழுத்தம் மிகும். மெல்ல ஓடினால் குறையும். பின்னர், காந்தத்தின் திசையை மாறி மாறித் திருப்பி, பாரடேயை ஏய்த்த பொய் மின்னோட்டங்களைப் பிரித்தறியவும் வழி கண்டனர்.

தொடக்கத்தில், உடலைக் கீறிக் குருதிக் குழாயை வெளிப்படுத்தியே கருவியைப் பொருத்த வேண்டியிருந்தது. 1960-களில் அறிஞர்கள் கதீட்டர் என்னும் மெல்லிய நீண்ட குழாயின் முனையில் நுண்ணிய கம்பிச் சுருளையும் இரு மின்வாய்களையும் அமைத்தனர். அதனைக் கை அல்லது காலின் குருதிக் குழாய் வழியே செலுத்தினால், மார்பைப் பிளக்காமலே இதயத்தை அடுத்த பெருங்குழாயிலும் குருதியின் விரைவை அறியலாம். இக்காலத்தில் ஒலியலைக் கருவிகள் இப்பணியைப் பெரிதும் ஏற்றுள்ளன. எனினும், காந்தத்தால் ஓட்டத்தை அளக்கும் முறை ஆலைகளின் நீர்க்குழாய்களில் இன்றும் பயன்படுகின்றது.

தாம் கண்டதைக் கண்டவாறே கூறுவதும், காணாததைக் கண்டதாகக் கூறாமையும் அறிவியலின் அறமாகும். அவ்வறத்தைப் பாரடே வாட்டர்லூ பாலத்தில் காத்தார். அவர் மறைக்காது எழுதி வைத்த தோல்வி, பின்வந்தோர்க்கு வழிகாட்டும் விளக்காயிற்று. நம் ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வாராதபோது, குறிப்பேட்டில் அளவைத் திருத்தி எழுதும் எண்ணம் எழுமாயின், அப்பெரியாரை நினைவு கொள்வோமாக.