மருத்துவப் பேரறிஞர் சார்லஸ் ட்ரூ

மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டுவோரின் தகுதியைப் பட்டப்படிப்பில் பெற்ற மதிப்பெண் கொண்டு அளப்பது சில நாடுகளில் உள்ள வழக்கம். அவ்வளவுகோலின்படி முதல் வரிசையில் நிற்க இயலாதவராய் இருந்து, பின்னாளில் உலகம் போற்றும் அறுவை மருத்துவராய் உயர்ந்தவர் சார்லஸ் ரிச்சர்டு ட்ரூ.

அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில், 1904 ஆம் ஆண்டு சூன் 3 ஆம் நாள், கறுப்பினக் குடும்பமொன்றில் அன்னார் பிறந்தார். தந்தையார் தரைக்கம்பளம் விரிக்கும் தொழிலாளி. அன்னையார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். மக்கள் ஐவருள் மூத்தவர் இவரே. 1920 இல் தங்கை எல்சி, காச நோயோடு இன்புளுவென்சா காய்ச்சலும் சேர்ந்து தாக்க, மறைந்தாள். மருத்துவத்தின்பால் இவர் உள்ளம் திரும்ப அத்துயரமும் ஒரு காரணம் என்பர்.

1922 இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் இவர் சேர்ந்தது விளையாட்டுத் திறனால் கிடைத்த உதவித்தொகையைக் கொண்டுதான். அங்குப் பயின்ற ஏறத்தாழ 600 மாணவருள் கறுப்பினத்தவர் 13 பேரே. அமெரிக்கக் கால்பந்திலும் ஓட்டப் பந்தயங்களிலும் இவர் ஈட்டிய பரிசுகள் பல. பாடங்களில் பெற்ற மதிப்பெண்களோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உயிரியல் பேராசிரியர் ஓட்டோ கிளேசர் ஊட்டிய ஆர்வமே மருத்துவம் பயிலும் எண்ணத்தை உறுதியாக்கிற்று. ஆனால் திடலில் பெற்ற கோப்பைகள் மருத்துவக் கல்லூரியின் வாயிலில் செல்லுபடியாவதில்லையே!

1926 இல் பட்டம் பெற்றபோது கையில் பொருளும் இல்லை. பெருமைப்படத்தக்க மதிப்பெண்ணும் இல்லை. எனவே பால்டிமோர் நகரின் மார்கன் கல்லூரியில் வேதியியலும் உயிரியலும் கற்பித்துக்கொண்டு, விளையாட்டுத் துறையையும் நடத்தினார். ஈராண்டுகள் இவ்வாறு பொருள் சேர்த்தபின் விண்ணப்பங்கள் விடுத்தார். கறுப்பின மக்களின் உயர்கல்விக்குப் பெயர்பெற்ற ஹோவர்டு பல்கலைக்கழகம், ஆங்கிலப் பாடத்தில் வேண்டிய பாடநேரம் குறைகிறது எனக் கூறி மறுத்துவிட்டது. ஹார்வர்டு, ஓராண்டு பொறுக்கச் சொல்லிற்று. பொறுத்திருக்க மனமில்லாத ட்ரூ, 1928 இல், தமது 24 ஆம் வயதில், கனடாவின் மாண்ட்ரியால் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகம் சென்று சேர்ந்தார்.

அங்கே விளையாட்டை அவர் துறந்துவிடவில்லை. ஓட்டப்பந்தயக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். எனினும் 1933 இல் மருத்துவப் பட்டம் பெறுகையில், 137 பேர் கொண்ட வகுப்பில் இரண்டாம் இடம் அவருடையது! இரத்தம் செலுத்துதல் பற்றிய நாட்டம் அங்குக் கற்பித்த ஜான் பீட்டி என்பாரால் விளைந்தது.

1935 இல் ஹோவர்டு பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக ஏற்றது. மாணவராகச் சேர்க்க மறுத்த அதே ஹோவர்டுதான்! பின் 1938 இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று, இரத்தத்தைக் கெடாமல் சேமிக்கும் முறைகளை ஆராய்ந்தார். 1940 இல் மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கரானார். அக்காலத்தில் முழு இரத்தம் சில நாள்களிலேயே கெட்டுவிடும். அதிலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மாவோ நெடுநாள் தாங்கும். போரால் நலிந்த பிரிட்டனுக்கு அவ்வாண்டே பிளாஸ்மா அனுப்பிய திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ட்ரூ. ஏறத்தாழ 15,000 பேர் அதற்குக் குருதி ஈந்தனர்.

1941 இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் குருதிச் சேமிப்புப் பணியையும் அவரே தொடங்கி வைத்தார். ஆயினும், படை வீரர்க்கான அத்திட்டத்தில் கறுப்பினத்தவரின் குருதி முதலில் ஏற்கப்படவில்லை. 1942 முதல் ஏற்கப்பட்டபோதும் தனியே பிரித்து வைக்கப்பட்டது. திட்டத்தை வகுத்தவருடைய குருதியே தீட்டாயிற்று! இப்பிரிவினைக்கு அறிவியல் ஆதாரம் எதுவுமில்லை என ட்ரூ வெளிப்படையாகக் கண்டித்தார். செஞ்சிலுவைச் சங்கம் அவ்வழக்கத்தைக் கைவிட்டது 1950 இல்தான். அமெரிக்க மருத்துவச் சங்கமோ இறுதிவரை அவரை உறுப்பினராக்கவில்லை.

1941 இல் ஹோவர்டு திரும்பி அறுவை மருத்துவத் துறைத் தலைவரானார். 1950 வரை அந்நாட்டில் அறுவை மருத்துவச் சான்றிதழ் பெற்ற கறுப்பினத்தவருள் பாதிக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றவர்களே.

1950 ஏப்ரல் முதல் நாள், டஸ்கிகீயில் நடைபெறவிருந்த இலவச மருத்துவ முகாமுக்குச் செல்லும் வழியில், வட கரோலினாவில் கார் விபத்துக்குள்ளாகித் தமது 45 ஆம் வயதில் உயிர் நீத்தார். வெள்ளையர் மருத்துவமனை சிகிச்சை மறுத்ததால் அவர் இறந்தார் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. அது உண்மையன்று, அங்கிருந்த மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றனர் என்பதை உடன் சென்ற மருத்துவ நண்பர்களே உறுதி செய்துள்ளனர். அவர்பட்ட அவமதிப்புகளுள் மெய்யானவையே போதும், புனைந்து சேர்ப்பானேன்?