ஹெஸ்ஸேயின் வாழ்வும் 'சித்தார்த்தன்' புதினத்தின் ஆறும்

ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தன்' (1922) புதினத்தில் வரும் ஆற்றை இந்திய மெய்யியலின் குறியீடாகக் கொள்வது பெருவழக்கு. அதற்குப் புதினத்தில் இடமுண்டு. ஆயினும் அவ்வாறு, கங்கையை ஒருமுறையும் கண்டிராதவர் எழுதியது. அதன் ஊற்று அவர்தம் வாழ்விலேயே உள்ளது.

1877 சூலை 2இல், செருமனியின் கருங்காட்டுப் பகுதியில் நாகோல்டு ஆற்றங்கரை ஊரான கால்வில் ஹெஸ்ஸே பிறந்தார். தாய் மரீ தலைச்சேரியில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார், மலையாள அகராதி (1872) தந்த ஹெர்மன் குண்டர்ட். மலபாருக்குச் செல்லுமுன் தமிழ் பயின்றவர். வீடு இந்தியாவைப் பற்றிய பேச்சால் நிறைந்திருந்தது. சிறுவனோ பாலத்தருகே மீன்பிடித்து வளர்ந்தான்.

1892இல், பதினான்காம் அகவையில், மௌல்பிரோன் சமயப் பள்ளியிலிருந்து தப்பியோடினார். அதே ஆண்டில் தற்கொலைக்கும் முயன்றார். இவ்வனுபவத்திலிருந்து எழுந்த 'சக்கரத்தின் அடியில்' (1906) புதினத்தின் மாணவன் ஆற்றில் பிணமாகிறான். 1919இல் எழுதிய 'கிளைனும் வாக்னரும்' கதையின் நாயகன் ஏரியில் மூழ்கி இறக்கிறான். முற்பட்ட இப்படைப்புகளில் நீர் உயிரை வாங்கும் இடமாகவே நிற்கிறது.

1911இல் கீழ்த்திசைப் பயணம் மேற்கொண்டார். பினாங்கு, சிங்கப்பூர், சுமத்திரா, இலங்கை ஆகியவற்றைக் கண்டார். இந்திய நிலப்பகுதியில் கால்வைக்கவில்லை. நோயோடும் ஏமாற்றத்தோடும் திரும்பினார். அடுத்து வந்தது போர். 1916இல் தந்தை மறைந்தார், மனைவி மனநோயுற்றார், 1919இல் மூன்று மகன்களையும் பிரிந்து சுவிட்சர்லாந்தின் மொண்டஞோலாவில் தனியே குடியேறினார். அங்குத் தொடங்கிய 'சித்தார்த்தன்' பாதியில் நின்றது. துறவியின் வருத்தத்தை எழுத இயன்ற அவருக்குத் தெளிவுற்றவனை எழுத இயலவில்லை. ஓராண்டுக்கும் மேலான இந்த இடைவெளியில் யுங்கிடம் உளப்பகுப்பாய்வும் மேற்கொண்டார்.

புதினத்தில் சித்தார்த்தனும் ஆற்றங்கரைக்குச் சாகவே வருகிறான். நீரில் விழும் தறுவாயில் ஓங்கார ஒலி அவனைத் தடுக்கிறது, உறங்கி எழுகிறான். முந்தைய நாயகர்கள் மூழ்கிய இடத்தில் இவன் ஓடக்காரனாகிறான். வாசுதேவன் அவனுக்குக் கொள்கை எதனையும் போதிப்பதில்லை. ஆற்றைக் கேட்கப் பழக்குகிறான். ஓடத்துறைப் பகுதியின் இச்செறிவு கமலாவும் வணிகனும் வரும் பகுதிகளில் இல்லை என்றே கூறவேண்டும்.

செறிவின் உச்சம் மகன் ஓடிப்போகும் நிகழ்ச்சியாகும். ஓடத்தைக் கவர்ந்து மகன் அக்கரை சேர்கிறான். ஆறாத புண்ணோடு அவனைத் தேடப் புறப்படும் சித்தார்த்தன் நீரில் தன் முகத்தைக் காண்கிறான். அது, தான் விட்டுவந்த தந்தையின் முகத்தை ஒத்திருக்கிறது. பள்ளியை விட்டோடிய மகனும், மகன்களைப் பிரிந்த தந்தையும் ஒருவரேயான ஹெஸ்ஸேயை இக்காட்சியில் காணாதிருத்தல் அரிது. எல்லாக் காலமும் ஒருங்கே ஓடும் ஆறு என்னும் கருத்து, இவ்விடத்தில் மெய்யியல் கூற்றாக நில்லாமல் ஒரு குடும்பத்தின் துயரமாகிறது.

இத்தெளிவு நிலைத்ததா என்பது தனி வினா. 'கண்ணாடி மணி ஆட்டம்' (1943) புதினத்தில் முதிய ஆசான் கினெக்ட், மாணவன் டிட்டோவைப் பின்தொடர்ந்து குளிர்ந்த மலையேரியில் குதித்து மாள்கிறார். அவர் சாவை நாடிக் குதிக்கவில்லை. கரையில் எஞ்சும் மாணவனோ அச்சாவால் மாறத் தொடங்குகிறான். 1946இல் நோபல் பரிசு பெற்ற ஹெஸ்ஸே, அதன்பின் பெரும்புதினம் எதனையும் எழுதவில்லை. 1962 ஆகஸ்டு 9இல் மொண்டஞோலாவில் காலமானார்.