முத்துக் கடலைத் துருவிய ஹார்னெல் துரை

முத்துச் சிப்பி எல்லா ஆண்டும் விளைவதில்லை. ஒரு காலம் குவியும். பிறகு பல ஆண்டு பார் வெறுமையாகக் கிடக்கும். குளிக்கிறவர்கள் வீட்டில் பட்டினிதான்!

இது ஏன் என்று துருவியவர் ஜேம்ஸ் ஹார்னெல். 1865-ல் பிறந்த ஆங்கிலேயர். 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மனுடன் இலங்கைக்கு வந்து, மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை ஆராய்ந்தார். 1908-ல் சென்னை ராஜதானி மீன் துறையில் சேர்ந்தார். தூத்துக்குடி முத்துப் பார்களும் சங்கு குளிப்பும் அவர் மேற்பார்வைக்கு வந்தன. பிறகு டைரக்டரானார்.

சிப்பிக்கு இரை, கடல்நீரில் மிதக்கும் நுண்ணிய பாசி. கண்ணுக்குத் தெரியாது! மேற்குக் கரையில் மத்தி மீனுக்கும் அதே மாதிரித் தீனிதான். மத்தி வராத ஆண்டில் அங்கேயும் அடுப்பு எரியாது. ஹார்னெலும் ராமசாமி நாயுடுவும் அந்தக் கடல்நீரை அரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். தென்மேற்குப் பருவமழையை ஒட்டிப் பாசி பெருகுகிறது. மத்திக் கூட்டம் பின்னாலேயே வருகிறது! அந்தப் பருவத்தில் ஆழத்து நீர் மேலே வந்து, வயலுக்கு எரு போட்டது போலச் சத்தைக் கொட்டுகிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

கட்டுமரம், தோணிகளையும் துரை விடவில்லை. அவற்றைப் பற்றியும் எழுதினார். 1949-ல் காலமானார்.

தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை முத்துக் குளித்தார்கள். அதன் பிறகு குளிப்பு நடக்கவில்லை.