தனாதிகாரி வோல்டர் காம்ப்

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலே, பகல் முழுவதும் கடிகாரக் கம்பெனியொன்றின் அலுவல்களைக் கவனித்துவந்த ஒருவர், அந்நகரிலேயே இருந்த யேல் சர்வகலாசாலையின் விளையாட்டுத்துறையைப் பல்லாண்டுகள் தம் கைக்குள் வைத்திருந்தார். அமெரிக்க உதைபந்தாட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் வோல்டர் காம்ப்தான் அவர்.

1859 ஆம் ஆண்டிலே ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்த காம்ப், 1876 இல் யேலிற் சேர்ந்தார். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என அழைப்பது பெயரளவில்தான் உதைபந்து. பந்தைக் கையிலேந்தி எதிரணியை மோதித் தள்ளி முன்னேறுவதே அது. றக்பியின் வழிவந்த அக்குழப்பமான ஆட்டத்துக்கு ஒழுங்கு வகுத்தவர் காம்ப். 1880 இல் பதினைந்து பேர் கொண்ட அணியைப் பதினொருவராக்கினார். மூன்று முயற்சிகளில் ஐந்து யார் முன்னேறாத அணி பந்தை இழக்கவேண்டும் என்னும் விதி 1882 இல் வந்தது.

1888 இல் அலிஸ் சம்னரை மணந்தார். கம்பெனி அலுவலால் மாலைப் பயிற்சிக்குச் செல்லக் காம்புக்கு நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே அவருடைய துணைவியாரே மைதானத்துக்குச் சென்று, யார் எவ்வாறு ஆடினர் எனக் கவனித்துவந்து கணவருக்கு எடுத்துரைப்பார். இரவில் ஆட்டவீரர்கள் வீட்டுக்கு வர, ஆலோசனை நடைபெறும். அவ்வாண்டில் யேல் அணி பதின்மூன்று ஆட்டங்களில் 698 புள்ளிகள் பெற்றது. எதிரணிகள் பெற்றது ஒன்றுமில்லை! அம்மையாரின் கண்களுக்கும் இவ்வெற்றியில் உரிய பங்கைக் கொடுப்பதே நியாயம்.

யேலிலே விளையாட்டை நடத்துவோர் மாணவர்களே என்பது சம்பிரதாயம். பேராசிரியர்கள் அதில் தலையிடுவதில்லை. ஆனால் மாணவர்கள் நான்காண்டில் வெளியேறிவிடுவார்கள்; காம்ப் நிலைத்திருந்தார். உதைபந்து, படகோட்டம் முதலிய சங்கங்களின் வருமானத்தை ஒன்றுசேர்த்த நிதிச்சங்கத்துக்கு அவரே தனாதிகாரி. உதைபந்தாட்ட நுழைவுச்சீட்டுப் பணமே ஏனைய விளையாட்டுகளையும் தாங்கியது. சம்பளம் பெறும் பயிற்சியாளராக அவர் இருந்ததில்லை. கனவானாயுள்ளவன் தன் உடல்வலிமையைக் காசுக்கு விற்கலாகாது என்றும் எழுதிவந்தார்.

இந்த இலட்சியம் 1905 இலே சோதனைக்குள்ளாயிற்று. சர்வகலாசாலை விளையாட்டில் நிலவிய ஊழலைச் சஞ்சிகைகள் அம்பலப்படுத்தின. யேல் அணித்தலைவர் ஒருவருக்கு இலவசக் கல்வி, கியூபாவுக்கு உல்லாசப் பயணம், நகரில் விற்கும் சிகரெட்டுகளுக்குத் தரகுப்பணம் ஆகியன கிடைத்தமை வெளியாயிற்று. காம்பின் பொறுப்பில் ஏறத்தாழ ஓர் இலட்சம் டொலர் சேமநிதி ஒன்று, பலரும் அறியாதவாறு திரண்டிருந்ததும் தெரியவந்தது. அவர் அதைத் திருடவில்லை. யேலின் நன்மைக்காகவே சேர்த்தார் என நம்ப இடமுண்டு. ஆயினும், பிறர் பணத்தை வைத்திருப்பவன் நல்லவனாயிருந்தால் மட்டும் போதுமா? அதற்கு அவர் யாரிடம் கணக்கு ஒப்புவித்தார்?

அவ்வாண்டு ஒக்டோபர் 9 ஆம் திகதி ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட், யேல், ஹார்வார்ட், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். காம்பும் சென்றிருந்தார். விதிகளை நேர்மையாகக் கடைப்பிடிப்போம் என வாக்களித்துத் திரும்பினர். பருவம் முடியுமுன் பாடசாலைச் சிறுவர் உட்படப் பதினெட்டுப்பேர்வரை ஆட்டத்தில் மாண்டனர். அதன்மேற் பொறுக்காத பிற கல்லூரிகள் 1906 இல் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தன. இன்றும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் தேசிய சங்கம் அதுவே. காம்ப் அதிகம் விரும்பாத, பந்தை முன்னோக்கி எறியும் முறையும் அவ்வாண்டே விதியாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகள் விதி வகுத்தவரின் சொல்லை மீறி ஆட்டம் மாறத் தொடங்கியது.

எனினும் விதிக்குழுவை அவர் விட்டு விலகவில்லை. 1925 மார்ச்சில் நியூயோர்க்கிலே குழு கூடியபோதும் வந்திருந்தார். 14 ஆம் திகதி காலை அமர்வுக்கு அவரைக் காணவில்லை. விடுதி அறையிலே, இரவு உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்திருந்தது.