புனித அருளானந்தர்

போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் 1647ஆம் ஆண்டு உயர்குடியில் பிறந்தவர் புனித அருளானந்தர். சேசு சபைக் குருவாகி 1673இல் இந்தியா வந்தார். நம் திண்டிவனத்தை அடுத்த செஞ்சிச் சீமையிலும் வேதம் போதித்தார். காவி உடுத்தி, மாமிசம் நீக்கித் தமிழராகவே வாழ்ந்தார். 1686இல் மறவ நாட்டில் சிறைப்பட்டுச் சித்திரவதை அனுபவித்தார். பின்னர் ஐரோப்பா சென்றும் அங்கே தங்கிவிடாமல் 1690இல் திரும்பினார்.

மறவ நாட்டுத் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கோ மனைவியர் பலர். ஒருவரோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தலைவரும் கீழ்ப்படிந்தார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். அவர் முறையிடவே மன்னர் சினந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதர் பட்டம் பெற்றார்.

பெரிய மனிதருக்கென்று போதனையைத் தளர்த்தியிருந்தால் அவர் உயிர் பிழைத்திருப்பார். தோழியரே, நாமும் ஆள் பார்த்து உண்மையை மாற்றாதிருப்போமாக!